கொஞ்சம் இழுக்கும்

"தலையக் குனிடே" என்கிறார் சங்கரபாண்டி அண்ணன். குனிகிறேன். பிடரியில் தண்ணீர் பீய்ச்சுகிறார், ஒரு சொட்டு காலருக்குள் புகுந்து முதுகு வழியாக நிதானமாக இறங்கிப் போகிறது, துடைக்க முடியாது, கழுத்திலிருந்து முழங்கால் வரை போர்த்திய துணிக்குள் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கிறது, செல்போன் கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடக்கிறது, கறுப்பாக, சத்தமில்லாமல். குனிந்த தலைக்கு அது தெரியாது. தரைதான் தெரிகிறது, தரையில் என் முடி, எனக்கு முன்னால் வந்துபோனவரின் நரைமுடி, இரண்டும் கலந்து கிடக்கின்றன. காலையில் கூப்பிடுகிறேன் என்றார் வித்யா மேடம். சென்னையில் இருக்கிறார், ஜப்பான்காரர்கள் பேசுவதை எனக்குத் தமிழிலும் நான் பேசுவதை அவர்களுக்கு ஜப்பான் மொழியிலும் சொல்பவர். 'ஸ்கேன் ரிசல்ட்ட அவங்க டாக்டர் பாத்துட்டா சொல்லிடுவாங்க காளிராஜ், காலைல கூப்பிடுறேன், விசாவுக்கு போட்டோ மட்டும் ரெடியா வெச்சுக்கோங்க, காது தெரியணும்.' காது தெரிய வேண்டும் என்பதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். காலை என்றால் எது காலை. ஜப்பானில் நமக்கு முன்னாலேயே விடிந்துவிடுமாம், அங்கே இப்போது மதியமே தாண்டியிருக்கும், அந்த டாக்டர் என் முழங்கைப் படத்தைப் பார்த்து முடித்துவிட்டுச் சாப்பிடக்கூடப் போயிருப்பார். அப்படியானால் முடிவாகிவிட்டது. எங்கேயோ ஒரு மேசைமேல் அது இருக்கிறது, எனக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை, நான் இங்கே கோவில்பட்டியில் தலையைக் குனிந்து அடுத்தவர் நரைமுடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் இழுக்கும். ஏன் சொன்னேன் அதை. யாராவது கையைப் பிடித்து முறுக்கினார்களா. கொஞ்சம் இழுக்கும் சார் என்று நானாகச் சொன்னேன்.

வேறு கடைக்குப் போயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கடைக்குத்தான் இத்தனை வருஷமாகப் போகிறேன், வீட்டிலிருந்து அது தூரம், இது பக்கம், ஆனாலும் அங்கேதான் போவேன், இந்தக் கடையைத் தாண்டும்போது சைக்கிளை மிதிக்கிற வேகம் தானாகக் கூடிவிடும். இன்றைக்குக் கால் இங்கேயே திரும்பிவிட்டது. யோசிக்கவில்லை. உள்ளே வந்து நின்றபோது சங்கரபாண்டி அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், திரும்பவில்லை, 'உக்காரு' என்று மட்டும் சொன்னார், நாள் தவறாமல் வந்துபோகிற ஆளைச் சொல்வதுபோல. மறந்திருப்பாரோ. மறந்திருக்க மாட்டார், பொங்கல் டோர்னமெண்டில் ஊரே நின்ற கூட்டத்துக்கு நடுவில் ஒரே ஓவரில் மூன்று தடவை வலது கையை நீட்டி நோ பால் என்று கத்தியவருக்கு எப்படி மறக்கும். தண்டவாளத்தை ஒட்டின கரிசல் மைதானம், டென்னிஸ் பந்து, அவர்தான் அம்பயர், எப்போதும் அவர்தான், காசு வாங்க மாட்டார், யார் பக்கமும் சாய மாட்டார், அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான். நான் முதல் பந்து போட்டேன், ஸ்டம்ப் பறந்தது, நாங்கள் எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினோம், திரும்பிப் பார்த்தால் அவர் கை நீண்டிருக்கிறது. கோட்டைத் தாண்டிவிட்டேன் போலிருக்கிறது என்று பின்னாலிருந்து ஓடிவந்து போட்டேன். மறுபடி கை. மூன்றாவது தடவை அவர் கையை நீட்டியதோடு நிற்கவில்லை, தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். த்ரோ. அவ்வளவுதான், எல்லைக் கோட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் 'மாங்கா' என்றான், அப்புறம் பத்துப் பேர், அப்புறம் மைதானம் முழுக்க, 'மாங்கா! மாங்கா! ரெண்டு பறிச்சுப் போடுல!' மரத்தில் கல்லெறிகிற மாதிரி பந்து போடுகிறவனுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கேப்டன் என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டான், என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினான், அந்தப் பார்க்காததுதான் இப்போது நினைத்தாலும் காதைச் சுட வைக்கிறது. கல்லூரிக்குப் போன பிறகும் பெயர் பின்னாலேயே வந்தது. மாங்கா காளி. கத்திரி காதுக்குப் பக்கத்தில் கிச்சுக்கிச்சு என்று போகிறது. அவர் விரல் என் காதை மடக்கிப் பிடித்திருக்கிறது, மெதுவாக, ஒரு குழந்தையின் காதைப் பிடிப்பதுபோல. இந்த விரல்தான் அன்றைக்கு முழங்கையைத் தொட்டுக் காட்டியது.

முழங்கை நிமிராது. அது அப்போது யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும், அப்புறம் பெனியலுக்கு. மூன்றாம் வகுப்பு லீவில் லாரி மேலிருந்து விழுந்தேன், அப்பா தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டிருந்த லாரி, அவர் கயிற்றை இழுத்துக் கட்டுகிற நேரம் நான் மறுபக்கம் ஏறினேன், கயிறு விலகியது, நானும் விலகினேன். கட்டுப் போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், முட்டையும் உளுந்தும் குழைத்த பத்து, மூங்கில் தப்பை, அந்த வாடை இன்றைக்கும் எங்கேயாவது முட்டை உடைத்தால் வந்துவிடுகிறது. பிரித்தபோது கை இருந்தது, ஆனால் முழுசாக நீளவில்லை, ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரியே எப்போதும் கொஞ்சம் மடங்கி நின்றது. அப்பா அன்றையிலிருந்து என் வலது கையைப் பார்த்துப் பேச மாட்டார். கண்ணைப் பார்ப்பார், தலையைப் பார்ப்பார், கைக்கு வந்ததும் பார்வை வழுக்கிப் போய்விடும். அதனால் நான் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தேன், எந்த வெயிலிலும், மைதானத்திலும், மணிக்கட்டில் பொத்தான் மாட்டி. அப்பாவுக்காகப் போட்டது, பிறகு எனக்காகப் போட்டது, பிறகு சட்டை இல்லாமல் தெருவில் இறங்கவே வராது என்றாகிவிட்டது. அந்தச் சட்டைக்குள்ளிருந்துதான் பந்து போட்டேன். வேகமாகப் போட்டேன். வேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது, தோளிலிருந்தா, விழுந்ததிலிருந்தா, கொஞ்சம் இழுக்கும் என்று அப்போது இல்லை, அப்போது ஒன்றுமே இழுக்கவில்லை, எறிந்தால் கை தனியாகப் போய்விட்டுத் திரும்பி வருகிற மாதிரி இருக்கும்.

பெனியல் டீக்கடையில் வந்து நின்றான். கல்லூரி இரண்டாம் வருஷம். ஹாக்கி கோல்கீப்பர், எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஹாக்கிதான், அவனைவிட நல்ல கீப்பர் நாலு பேர் இருந்தார்கள், டீமில் இடம் போய்விட்டது, கல்லூரியில் புதிதாக பேஸ்பால் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள், பந்தைப் பிடிக்கிற கேட்சருக்குப் பாதுகாப்புச் சாமான் வாங்க வழியில்லை, இவனிடம் ஹாக்கி கால் பேடும் ஹெல்மெட்டும் இருந்தது, அதனால் இவன் கேட்சர். 'நீதானல மாங்கா காளி?' என்றான். நான் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன், அடிக்கத்தான் எழுந்தேன். 'அடிக்காத. எங்களுக்கு மாங்கா அடிக்கிற ஆள்தான் வேணும். அதுக்குத்தான் அந்த விளையாட்டே. எறியணும். நேரா என் கைக்கு எறியணும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.' யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் பின்னால் போனேன். மைதானத்தின் மூலையில் மண்ணைக் கூட்டி ஒரு சின்ன மேடு, அதன்மேல் நிற்கச் சொன்னான், அவன் தள்ளிப் போய் அந்த ஹாக்கிச் சாமானை எல்லாம் மாட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தான், தோல் வெடித்துப்போன ஒரு பெரிய க்ளவுஸைத் திறந்து காட்டினான். 'எறி' என்றான். நான் கையைச் சுற்றினேன், பழக்கம், மேலே கொண்டுபோய் நிமிர்த்தப் பார்த்தேன். 'சுத்தாத. எறில. நாயத் தொரத்துற மாதிரி எறி.' அப்போதுதான் புரிந்தது. ஒளிக்க வேண்டாம். ஒரு பையனாக நான் என்ன செய்யக் கூடாது என்று மைதானமே கூடி நின்று சொன்னதோ, அதைச் செய் என்கிறான். எறிந்தேன். பந்து அவன் க்ளவுஸில் போய் விழுந்த சத்தம், அடேயப்பா, அந்தச் சத்தம், பட்டாசு இல்லை, அறை இல்லை, ஒரு கதவைச் சரியாகச் சாத்தினால் வருமே அது. பெனியல் க்ளவுஸைக் கழற்றி உள்ளங்கையை உதறினான், உதறிக்கொண்டே சிரித்தான். 'இன்னொண்ணு.' அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க இன்னொண்ணு இன்னொண்ணு என்று கேட்டுக்கொண்டே இருந்தான், நடுவில் எப்போதோ நான் சட்டைக் கையை மடக்கிவிட்டிருக்கிறேன், எப்போது மடக்கினேன் என்று நினைவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அவன் முழங்கையைப் பார்த்திருக்கிறான். ஒன்றும் கேட்கவில்லை.

செல்போன் அதிர்கிறது. கண்ணாடிப் பலகைமேல் தடதட என்று நகர்ந்து சீப்பில் இடிக்கிறது. நான் துணிக்குள்ளிருந்து கையை உருவுகிறேன், தலை தானாக நிமிர்கிறது, "ஏய் ஏய் ஏய்!" சங்கரபாண்டி அண்ணன் கத்திரியை மேலே தூக்கிவிட்டார், "காது போயிருக்கும்ல! அசையாதன்னு சொன்னேம்லா?" பார்க்கிறேன், தெரியாத நம்பர், எடுத்தால் ஒரு பெண், கடன் வேண்டுமா என்று கேட்கிறாள், வேண்டாம், வேண்டாம்மா, வைத்துவிட்டேன். அவர் துணியை மறுபடி கழுத்தில் இறுக்குகிறார். "யாரு போன எதிர்பாக்க?" "ஜப்பான்லேர்ந்து வரும்ணே. சென்னை வழியா." "பாத்தேன் பேப்பர்ல. அந்தப் பந்து விளையாட்டுக்கு உன்னக் கூப்பிட்டுருக்காம்லா." "இன்னும் முடிவாகலண்ணே." "ஏன்?" என்னத்தைச் சொல்வது. கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று இவரிடமா சொல்வது. "மெடிக்கல் ஒண்ணு இருக்கு" என்றேன். ம் என்றார். கத்திரி மறுபடி ஆரம்பித்தது.

கொஞ்சம் இழுக்கும். ஜப்பான் டீம் ஒன்று ஆள் எடுக்கச் சென்னையில் நடத்தின கேம்ப்பில் எல்லாம் நன்றாகத்தான் போனது. எத்தனை ஊர்ப் பையன்கள், பஞ்சாபிலிருந்து ஆறடிக்கு மேலே ஒருத்தன், மணிப்பூரிலிருந்து இரண்டு பேர், அத்தனை பேருக்கு நடுவில் பெனியலும் நானும். பெனியலும் கேட்சராகத் தேர்வுக்குத்தான் வந்தான், ஆனால் நாள் முழுக்க நான் எறிவதைப் பிடிப்பதிலேயே அவன் நாள் போய்விட்டது, அவன் அடிக்கிற முறை வந்தபோது கை வீங்கியிருந்தது, மட்டையைப் பிடிக்க முடியவில்லை. அவன் அதைச் சொல்லவே இல்லை. ஆள் எடுக்க வந்த ஜப்பான்காரர் மொரிட்டா என்பவர், வெயிலில் தொப்பிகூட இல்லாமல் நின்றார், வேகம் பார்க்கிற கருவியைப் பார்த்தார், அதைத் தட்டிப் பார்த்தார், மறுபடி எறியச் சொன்னார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு வலது கையைத் தன் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார், மாம்பழத்தை அழுத்திப் பார்க்கிற மாதிரி முழங்கையைச் சுற்றி அழுத்தினார், நிமிர்த்தப் பார்த்தார், நிமிரவில்லை, அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதுதான் பயம். ஏதோ கேட்டார். 'வலிக்குமான்னு கேக்குறார்' என்றார் வித்யா மேடம். இல்லை என்றேன். அவர் என் கையை விடவில்லை. மறுபடி ஏதோ கேட்டார். 'எப்பவுமே இல்லையான்னு கேக்குறார்.' பின்னால் பெனியல் நின்றுகொண்டிருந்தான், எனக்குத் தெரியும் அவன் மனசில் கத்திக்கொண்டிருந்தான், இல்லன்னு சொல்லு, இல்லன்னு சொல்லு. அந்த மனுஷர் கையை வைத்திருந்த விதம். அதில்தான் விழுந்துவிட்டேன். யாரும் அந்தக் கையை அப்படி வாங்கிப் பார்த்ததில்லை. 'நிறைய எறிஞ்சா மறுநாள் காலைல உள்பக்கம் கொஞ்சம் இழுக்கும் சார்.' மேடம் அதை எப்படிச் சொன்னாரோ, இழுக்கும் என்பதற்கு அந்த மொழியில் என்ன வார்த்தையோ, கிழியும் என்று சொல்லிவிட்டாரோ, அறுந்துபோகும் என்று சொல்லிவிட்டாரோ. மொரிட்டா தலையை ஆட்டினார். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். வெளியே வந்ததும் பெனியல் என் சட்டையைப் பிடித்தான். 'கிறுக்காலே உனக்கு? யாராவது கேட்டானா? நானாயிருந்தா ரெண்டு கையும் இல்லன்னாலும் நல்லாருக்குன்னு சொல்லிருப்பேன்!' அப்புறம் சட்டையை விட்டுவிட்டு அவனே கசங்கினதைத் தடவிச் சரிசெய்தான், வீங்கின கையால்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள், குகை மாதிரி ஒரு மெஷின், கையோடு சேர்த்து என்னையும் உள்ளே தள்ளினார்கள், அசையக் கூடாது என்று அங்கேயும் அதே சொல், நான் அசையாமல் இருந்ததை எல்லாம் சேர்த்து வைத்தால் ஒரு ஆயுசு வரும் போலிருக்கிறது. டங் டங் என்று யாரோ வெளியே தகரத்தை அடிக்கிற சத்தம். உள்ளே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன், இந்தக் கை இல்லையென்றால் நீ யாருடா. அப்பாவோடு லாரியில் போகலாம், நாக்பூர் தாண்டி எங்கேயோ இருக்கிறார் இப்போது, க்ளீனராக ஏறி டிரைவராக இறங்கலாம், மோசமான வேலை ஒன்றும் இல்லை, ராத்திரி ரோட்டில் விளக்கு வெளிச்சம் முன்னால் போகப் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கலாம். இல்லை பெனியல் மாதிரி சாத்தூரில் பைக் ஷோரூமில் டை கட்டிக்கொண்டு நிற்கலாம், மைலேஜ் எவ்வளவு என்று கேட்பார்கள், சொல்லலாம். ஆனால் கை கேட்காது. கை இங்கே துணிக்குள் இருக்கும்போதே விரல்கள் பந்தின் தையலைத் தேடுகின்றன, இதோ, துணியின் ஓரத்துத் தையலைக் கட்டைவிரல் தடவிக்கொண்டிருக்கிறது, நான் சொல்லவில்லை, அதுவாகத் தடவுகிறது. அந்த ஜப்பான் டீமின் ஊர் கடலோரமாம். மொரிட்டா போட்டோ காட்டினார், பச்சைப் புல், பின்னால் மலை, மலைமேல் வெள்ளையாக ஏதோ, மேகம் என்று நினைத்தேன், பனி என்றார் மேடம். ஏப்ரலில்கூட இருக்குமாம். கரிசல் காட்டுப் பையன் பனியைப் பார்த்துக்கொண்டே மேட்டில் ஏறி நிற்பான். யார் என்ன மொழியில் கத்துவார்கள். நான் தோற்றால் என்ன வார்த்தை சொல்லித் திட்டுவார்கள், எனக்குப் புரியாதே, அது ஒருவகையில் நல்லது. புரியாத மொழியில் கேலி செய்தால் அது வெறும் சத்தம், ஆடுமாடு கத்துவதுபோல. சிரிப்பு வருகிறது. பயத்துக்கு நடுவிலேயே இப்படி ஒன்று வந்துவிடுகிறது, போய்விட்ட மாதிரியே மனசு அங்கே நடந்துகொண்டிருக்கிறது, ஷூவில் புல் ஈரம்கூடப் படுகிறது, இன்னும் யாரும் கூப்பிடவே இல்லை, அதற்குள் நான் அங்கே ஒரு சீசன் ஆடி முடித்துவிட்டேன்.

"மேல பாரு" என்று சங்கரபாண்டி அண்ணன் தாடையைத் தூக்குகிறார். சோப்பு நுரை இரண்டு பக்கக் கிருதாவிலும் ஈரமாக ஏறுகிறது. கத்திக்குப் புது ப்ளேடு மாட்டுகிறார், ஒரு பக்கம் இழுத்து முடிக்கிறார், மறுபக்கத்துக்கு வருகிறார், அப்போதுதான் செல்போன் மறுபடி அதிர்கிறது. இந்தத் தடவை நான் அசையவில்லை. கண் மட்டும் போகிறது. வித்யா மேடம் என்று எழுதியிருக்கிறது, கண்ணாடியில் இடவலம் மாறி இல்லை, நேராகத்தான், பலகைமேலேயே தெரிகிறது. "இதுவா?" என்கிறார். ம் என்று தொண்டைக்குள் சொல்கிறேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, ஈரக்கையைத் தன் பனியனில் துடைத்து, போனை எடுத்துப் பொத்தானைத் தடவி, என் காதில் வைத்துப் பிடிக்கிறார். நுரை போனில் ஒட்டுகிறது. "காளிராஜ்? கேக்குதா? ரிசல்ட் வந்துருச்சு." கேட்கிறது. "முழங்கை எலும்பு சின்ன வயசுல கோணலா கூடியிருக்கு, அது பழசு, அதால இப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. முக்கியமா அந்த உள்பக்கத் தசைநாரு, அதத்தான் தேடுனாங்க, நல்லா இருக்கு. கிழிசல் எதுவும் இல்ல. இழுக்குறது வெறும் அசதிதான். கேக்குறீங்களா?" "கேக்குறேன் மேடம்." என் குரலா அது. "முதல் ரெண்டு மாசம் எத்தன பந்து எறியலாம்னு அவங்களே பாத்துத்தான் விடுவாங்க. ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். வியாழக்கிழமை சென்னை வாங்க, கையெழுத்துப் போட்டுறலாம். அப்புறம், மொரிட்டா சார் ஒண்ணு சொல்லச் சொன்னார். இழுக்கும்னு சொன்னீங்கல்ல, அத அங்க வந்தும் சொல்லணுமாம். இழுத்தா இழுக்குதுன்னு சொல்லணும், சொல்லாம எறியக் கூடாதாம். சரியா?" சரி மேடம், சரி, சரி. எத்தனை சரி சொன்னேன் என்று தெரியவில்லை. போன் காதிலிருந்து போய்விட்டது. கண்ணாடியில் ஒரு பக்கம் மழித்த, ஒரு பக்கம் நுரை வழிகிற ஒருத்தன் என்னைப் பார்க்கிறான், அவன் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, துடைக்கக் கை இல்லை.

அவர் கேட்டுவிட்டார், காதில் பிடித்திருந்தவருக்குக் கேட்காமல் இருக்குமா. துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார், நுரையையா தண்ணீரையா, எதைத் துடைக்கிறார் என்று காட்டிக்கொள்ளாமல் துடைத்தார், பிறகு நுரையை மறுபடி போட்டு மிச்சக் கிருதாவை முடித்தார். கத்தி நிதானமாக வந்தது. துணியை உருவி உதறினார். நான் இன்றைக்கு அரைக்கைச் சட்டையில் வந்திருக்கிறேன், இரண்டு வருஷமாக அப்படித்தான், வலது கை நாற்காலிக் கைப்பிடிமேல் வாளி தூக்கின மாதிரி மடங்கிக் கிடந்தது. அவர் பார்த்தார். உதறின துணி கையிலேயே நின்றுவிட்டது. "நீட்டு" என்றார். "இவ்ளோதாண்ணே வரும்." "எப்பமிருந்து?" "மூணாப்பு படிக்கும்போதிருந்து." தெருவில் ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "முழங்கை மடங்கி, பந்து விடும்போது நிமிந்தாத்தான் த்ரோ. நிமிரவே நிமிராத கைன்னா அது..." நிறுத்தினார். "முழுக்கைச் சட்டை போட்டுருந்தியேடே. நான் எப்படிக் கண்டேன்? ஒரு வார்த்த வந்து சொல்லிருக்கக் கூடாதா? சட்டையச் சுருட்டிக் காமிச்சிருந்தா..." அவர் முகம் மாறிக்கொண்டிருந்தது, எனக்குப் பயமாகப் போய்விட்டது, யார் பக்கமும் சாயாத ஆள், இத்தனை வருஷ மேட்சையும் தலைக்குள் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். காட்டியிருந்தால். காட்டியிருந்தால் அது நல்ல பந்து, ஸ்டம்ப் பறந்தது அவுட், தோளில் தூக்கியிருப்பார்கள், அடுத்த பொங்கலுக்கும் போட்டிருப்பேன், அதற்கடுத்த பொங்கலுக்கும், இந்நேரம் தண்டவாளத்தை ஒட்டின அதே மைதானத்தில் டென்னிஸ் பந்தைத் தேய்த்துக்கொண்டு நின்றிருப்பேன், டீக்கடைக்குப் பெனியல் யாரைத் தேடி வந்திருப்பான். "அப்ப அது நோ பால் இல்லயோ" என்றார், என்னிடம் கேட்கவில்லை, கண்ணாடியிடம் கேட்டார். "இருக்கட்டும்ணே" என்றேன். எழுந்து நின்றேன். "நோ பாலாவே இருக்கட்டும்." அவர் திரும்பிப் பார்த்தார். நான் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் வாய் லேசாகக் கோணியது. பவுடர்ப் பஞ்சை எடுத்து என் பிடரியில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வெள்ளையாகப் புகை பறந்தது. "போ. போட்டோ எடு. காது நல்லாத் தெரியுது."

வெயில். தெரு இவ்வளவு அகலமாக எப்போது ஆனது. அம்மாவுக்குப் போட்டேன், தீப்பெட்டி ஆபீஸில் மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவள் 'என்னது? என்னது?' என்று கத்திக்கொண்டே இருந்தாள், 'கை நல்லாருக்காம், அம்மா' என்று நானும் கத்தினேன், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், சட்டென்று அவள் பக்கம் சத்தம் குறைந்தது, வெளியே வந்திருப்பாள், மூச்சு மட்டும் கேட்டது. 'அப்பாட்ட நீயே சொல்லு' என்றாள். 'கை நல்லாருக்குன்னு சொல்லு. மொதல்ல அதச் சொல்லு, மத்தத அப்புறம் சொல்லு.' சரி என்றேன். அப்பா வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார், மதியம் சாப்பிட நிறுத்துவார், அப்போது சொல்வேன், அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன், கை நல்லாருக்குப்பா, கை நல்லாருக்கு. பெனியலுக்குப் போடத் தயக்கமாக இருந்தது. அவன் டை கட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் போய் இதை எப்படிச் சொல்வது. நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அவன் கூப்பிட்டுவிட்டான். 'வந்துருச்சா?' 'வந்துருச்சுல. வியாழக்கிழமை கையெழுத்து.' அந்தப் பக்கம் ஏதோ தட்டுகிற சத்தம், பைக் சீட்டில் அறைகிறான் போலிருக்கிறது, நாலைந்து தடவை, யாரோ 'சார் என்ன சார்' என்று கேட்கிற குரல். 'ஒண்ணுமில்ல சார், வண்டி ஸ்ட்ராங்கான்னு பாத்தேன்.' எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவன் நடக்கிற சத்தம், கதவு, வெளியே வந்துவிட்டான். 'அங்க யாருல பிடிப்பா?' என்றான். 'தெரியல. யாரோ ஒரு ஜப்பான்காரன்.' 'ம்.' 'ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இத்தன நாள் சொல்லல. அந்தக் கடைசில விழுற பந்து போடுவேல்லா, அதப் போடப் போறப்ப நீ கீழுதட்டக் கடிப்ப. ஒவ்வொரு தடவையும். இங்க எவனும் அவ்வளவு பாக்கல. அங்க அடிக்கிறவனுங்க பாத்துருவானுங்க. நிறுத்திரு.' நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். 'ஏம்ல இவ்வளவு நாள் சொல்லல?' 'சொன்னா நிறுத்திருவ. இந்தப் பந்து போடுன்னு நான் விரல் காட்டுனா நீ என்னைக்குல கேட்டுருக்க? ஒன் இஷ்டத்துக்குப் போடுவ. நான் ஒன் உதட்டப் பாத்துத்தான் கையக் கொண்டுபோனேன். நீ நிறுத்திட்டா என்னால அதப் பிடிக்க முடியாது.' லாரி ஒன்று பெரிசாகக் கடந்து போனது. 'இனிமே பரவால்ல' என்றான். 'இனிமே நான் பிடிக்கப் போறதில்லேல்லா.' அவன் பேரை மட்டும் சொன்னேன், 'பெனியலு' என்று. 'வைக்கேன்ல, கஸ்டமர் வந்துட்டாரு. வியாழக்கிழமை நானும் லீவு போட்டு வாரேன், டிக்கெட்டு எடுத்துரு' என்று சொல்லி வைத்துவிட்டான். போனைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன், வெயில் பிடரியில் புதிதாக வெட்டின இடத்தில் சுட்டது, அப்போதுதான் உணர்ந்தேன், கீழுதடு பல்லுக்குள் இருந்தது. மெதுவாக விட்டேன்.